வாளிக்காரன் நிற்கிறான்

ஜூன் 3

அண்ணி,

போன் போட்டால் எடுக்க மாட்டீர்கள். என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அண்ணனுடைய ‘வாளிக்காரன்’ மறுபடியும் வரப்போகிறது. இந்தத் தடவை டி.வி.யில் மாட்டுகிற பெட்டி இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற கையடக்க மெஷின். எங்கள் கம்பெனிதான் செய்கிறது, பழைய ஆட்டத்தைப் புது மெஷினுக்கு மாற்றி எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் சம்மதம் வக்கீல் மூலமாக வந்து சேர்ந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வக்கீலிடம் கொடுத்தீர்களே, அதற்கும் நன்றி.

ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாளி தூக்கிய குட்டி மனிதன் கோபுரத்தில் மாடி மாடியாக ஏறுவான், கீழேயிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், மயிரிழை தப்பினால் பள்ளம். கன்ட்ரோலரைச் சுவரில் அடித்து உடைத்தவர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள். கடைசி மாடியைத் தாண்டினேன் என்று சொன்ன ஒருவரையும் நம்பாதீர்கள் என்று அப்போதே பத்திரிகைகளில் எழுதினார்கள்.

இப்போது தகராறு டெமோவில். ஆட்டத்தைப் போட்டுவிட்டு யாரும் தொடாமல் விட்டால் அது தானாக ஆடிக் காட்டும். அது படம் இல்லை. அண்ணன் அன்றைக்கு ஆடியபோது எந்தப் பட்டனை எப்போது அழுத்தினார் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது, மெஷின் அதே அழுத்தல்களைத் திரும்ப அழுத்தும். புது மெஷின் பழையதைவிடத் துளி வேகம். அழுத்தல் ஒரு பக்கம் போகிறது, வாளிக்காரன் ஒரு பக்கம் போகிறான். முதல் பள்ளத்திலேயே விழுந்து மூழ்கிவிடுகிறான். மறுபடி ஆரம்பம், மறுபடி விழுகிறான். நாள் முழுக்க என் மேஜையில் அண்ணன் கை விழுந்து சாகிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

வேறு பதிவு ஏதாவது வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இதை அழித்துவிட்டு வேறு ஆளை ஆடவைத்துப் பதிய வேண்டும். மாதக் கடைசியில் எல்லாம் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும்.

உங்கள் நாத்தனார் (இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றால்),
சுண்டெலி

ஜூன் 8

சுண்டெலிக்கு,

வேறு பதிவு இல்லை. இருந்திருந்தால் அதையும்தான் நீ தூக்கிக்கொண்டு போயிருப்பாயே. உன் அண்ணன் போன மறுவாரம், நான் தூக்க மாத்திரை போட்டுக் கிடந்தபோது, ஆள் வைத்து அவருடைய கம்ப்யூட்டரை இறக்கினாய். எழுந்து பார்த்தால் மேஜையில் தூசியில்லாத ஒரு சதுரம்தான் மிச்சம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைத்தாய் போலிருக்கிறது. நாலு வருஷமாக நான் அந்த மேஜையைத் துடைக்கவே இல்லை, தெரியுமா உனக்கு?

அழித்துவிடு. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைக்கப் பழக்குகிறவள். செத்துப் போன மனிதரைத் திரும்பத் திரும்ப விழவைத்து வேடிக்கை பார்க்கிற வேலை எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

அண்ணி

கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. அந்தப் பதிவு எந்த மாடிவரை போகிறது?

ஜூன் 13

அண்ணி,

பதிவு மூன்றாவது மாடியோடு முடிகிறது. முடிய வேண்டும், அதுதான் சரி. மேலே படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அழிக்க உட்கார்ந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது வாளிக்காரன் முதல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். நான் எதையும் மாற்றவில்லை. சத்தியமாக ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. உட்கார்ந்து அடுத்த சுற்றைப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்துக்கு வந்தான், நின்றான், அப்புறம் குதித்தான். அண்ணி, பதிவுக்கு நிற்கத் தெரியாது. எழுதி வைத்த நேரத்துக்கு எழுதி வைத்த பட்டன், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

எங்களிடம் ஆட்டங்களைச் சோதித்துப் பார்க்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். பேய்ப் படம் பார்த்துக்கொண்டே இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிடுகிற ரகம். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இது யாரு ஆடுறது?” என்றாள்.

“யாரும் ஆடலக்கா. டெமோ.”

கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். “அப்ப அது ஏன் யோசிக்குது?” என்றாள். மெஷினைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவள் அன்றைக்கு என் மேஜைப் பக்கமே வரவில்லை.

நேற்று ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டான். பதிவு தீர்ந்து வெகுநேரமாகியும் போய்க்கொண்டிருக்கிறான். எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்றால் நீங்களே சொல்லுங்கள், நம்புகிறேன். ஒரு மெஷினை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எந்தப் பட்டனையும் தொடாதீர்கள், சும்மா வைத்துப் பாருங்கள்.

சுண்டெலி

ஜூன் 18

சுண்டெலிக்கு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேளாவேளைக்குச் சாப்பிடாமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் என்று எழுதத்தான் காகிதம் எடுத்தேன். முந்தாநாள் எடுத்த காகிதம் இது.

பார்சலைக் கிளினிக்கில் பிரித்தேன். நல்ல வெயில் நேரம். பக்கவாதம் வந்த ஓட்டுநர் ஒருவர் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடை பழகிக்கொண்டிருந்தார். மெஷினைத் துண்டுகள் அடுக்குகிற அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் உன் அண்ணன்.

சிரிக்காதே. மனிதர்கள் அசைவதைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். குதிக்கும் முன் அரை அடி பின்வாங்குகிறான் பார், அது அவர். பஸ் ஏறும்போதும் பின்வாங்குவார். சண்டையில் பதில் சொல்லும் முன்பும் அப்படித்தான்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆட்டம் ஏன் இத்தனை கஷ்டம் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டதே, காரணம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். கடைக்குப் போகும்வரை இந்த ஆட்டத்தைத் தனி ஒரு ஆள் ஆடிப் பார்த்ததே இல்லை.

அதை எழுதுகிற சமயத்தில் அவருடைய வலது கட்டைவிரலில் தசைநார் கிழிந்து கட்டுப் போட்டிருந்தது. அந்த விரலோடுதான் என்னிடம் வந்தார். நான் அப்போது பயிற்சியில் இருந்தவள். “குதிக்கிற பட்டனை மட்டும் நீங்க அழுத்துங்களேன், நடக்கிறத நான் பாத்துக்கிறேன்” என்றார். கன்ட்ரோலரின் இடப்பக்கம் அவர் பிடித்துக்கொள்வார், வலப்பக்கம் நான். எங்களுக்குப் பழகப் பழகப் பள்ளத்தை அகலப்படுத்திக்கொண்டே போனார். நாங்கள் இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டுகிற அளவுக்கு வந்ததும் “இதுதான் சரியான அளவு” என்று முடித்துவிட்டார். விரல் ஆறினபிறகு தனியாக ஆடிப் பார்த்தார், முதல் மாடியையே தாண்ட முடியவில்லை. அதற்குள் பெட்டி கடைக்குப் போய்விட்டது. வெளியில் சொன்னால் மானம் போகும் என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். கல்யாணமும் செய்துகொண்டோம்.

ஆக நீ வைத்திருக்கிற பதிவில் பாதி நான்.

இன்று மதியம் கடைசி மாடிக்கு வந்துவிட்டார். கடைசிப் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறார். அதைத் தாண்டினால் கதவு. தண்ணீர் இடுப்பளவு வந்து நின்றுவிட்டது. எதையும் தொடவில்லை, சார்ஜரை மட்டும் மாட்டி வைத்தேன்.

அண்ணி

ஜூன் 21

அண்ணி,

இனிமேல் கூரியரில் எழுதுகிறேன், தபாலுக்கு நேரம் இல்லை.

இங்கேயும் அதே கடைசிப் பள்ளத்தின் ஓரத்தில்தான் நிற்கிறார். ஒரு மெஷினில் இல்லை, அலமாரியில் இருக்கிற அத்தனையிலும். பூட்டி வைத்துவிட்டுப் போய்க் காலையில் திறந்தால் வரிசையாக நிற்கிறார், எல்லாத் திரையிலும் இடுப்பளவு தண்ணீர். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அங்கேதான் நிற்கிறார்.

சோதிக்கிற அக்கா குதிக்கிற பட்டனை அழுத்திப் பார்த்தாள். குதிக்கவில்லை, அரை அடி பின்வாங்கினார். கம்பெனியில் எல்லாரும் அழுத்திப் பார்த்தார்கள், நானும் அழுத்தினேன். கூடப் பிறந்தவள் என்று எனக்கு ஒரு நப்பாசை. எனக்கும் அதே அரை அடிதான். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

யோசித்துப் பாருங்கள். முப்பதாம் தேதி காலையில் இது தொழிற்சாலைக்குப் போகிறது. அப்புறம் வாங்குகிறவன் கையிலெல்லாம் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். முகம் தெரியாதவர்கள் பஸ்ஸிலும் படுக்கையிலும் அவரைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். இல்லையென்றால் நான் அழிக்க வேண்டும். ஜூன் மூன்றாம் தேதி என்றால் அழித்திருப்பேன், அப்போது அது வெறும் பதிவு. இப்போது என்னால் முடியாது. தங்கை கையால் செய்கிற காரியமா அது?

மூன்றாவது வழி உங்கள் கட்டைவிரல்தான். அவர் யாருக்காக நிற்கிறார் என்று நான் சொல்ல வேண்டுமா? அழுத்துங்கள் அண்ணி. கதவைத் தாண்டிப் போகட்டும்.

சுண்டெலி

ஜூன் 23

சுண்டெலி,

மாட்டேன்.

அழுத்தினால் போய்விடுவார். ஆஸ்பத்திரியில் அவர் போனபோது நான் கீழே கேன்டீனில் டீக்கு வரிசையில் நின்றேன். ‘போய்ட்டு வரேன்’ என்று ஒரு வார்த்தை இல்லை. இப்போது காலையில் கண் விழித்தால் தலைமாட்டில் நிற்கிறார். கிளினிக்குக்கு எடுத்துப் போகிறேன், அலமாரியில் வைக்கிறேன், வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். மேஜையில் அந்தச் சதுரத்துக்கு நடுவில், அதற்கென்றே விட்ட இடம் மாதிரி உட்காருகிறது மெஷின். அவரிடம் பேசுகிறேன். பதில் இல்லைதான், இருந்தபோது மட்டும் பெரிதாகப் பேசிக் கிழித்தாரா?

நீ அழிக்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது. வேண்டுமானால் வேலையை விட்டுவிடு. ஒரு தடவை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய். இந்தத் தடவை என்னைக் கேட்டுத்தான் எல்லாம்.

அண்ணி

ஜூன் 25

அண்ணி,

சண்டை போட வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், உங்கள் மெஷினில் தண்ணீரைப் பார்த்தீர்களா? நின்றுவிட்டது என்று எழுதினீர்கள். நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. இங்கே நேற்று மார்பு, இன்று கழுத்து.

அவர் நகரவில்லை. வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். வாளிக்காரனுடைய ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனியாக வரைந்து வைத்த படம் உண்டு. கையைத் தூக்குகிற மாதிரி ஒரு படம் அண்ணன் வரையவில்லை, நானும் வரையவில்லை.

இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

சுண்டெலி

ஜூன் 28

சுண்டெலி,

அழுத்திவிட்டேன். நேற்று, கிளினிக்கில், நடுப்பகலில்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். தலை உச்சியும் வாளியும்தான் தெரிந்தன. அந்த ஓட்டுநர் கம்பிக்குள் நின்றபடி, “என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு, நீங்க உக்காருங்க, நானே நடந்துக்கிறேன்” என்றார். உட்கார்ந்தேன். மெஷினை எடுத்து வலது கையில் மட்டும் பிடித்தேன். இடப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தப் பக்கம் யாரோ தாங்கிப் பிடித்த மாதிரி கனம் குறைந்தது. அவர் அரை அடி பின்வாங்கினார். ஓடி வந்தார். எப்போது அழுத்த வேண்டும் என்று என் விரலுக்கு மறக்கவே இல்லை.

தாண்டிவிட்டார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. திரை இருண்டுவிட்டது. சரி, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே. எனக்குக் கை ஓடுகிறது, இதோ எழுதுகிறேன். கால்தான் ஓடவில்லை. எப்படியோ வீடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், அப்புறம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. கிளினிக் பையில் இருந்த சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், முழங்கால் ஒழுங்காகத் துள்ளுகிறது. நடந்து போவதற்குத்தான் ஓர் இடம் தோன்றவில்லை. பாதத்திலிருந்து முட்டிவரை சில்லென்று இருக்கிறது. எங்கோ தண்ணீர் சத்தம் கேட்கிறது, மேல்வீட்டுக் குழாயாக இருக்கும்.

இதை மாடியேறி வந்த கீழ்வீட்டுக்காரரிடம் நாற்காலியை ஒட்டிய ஜன்னல் வழியாகக் கொடுத்து அனுப்புகிறேன். நீ உன் வேலையை முடித்து அனுப்பு. கம்ப்யூட்டரை நீ எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் நான் அதைப் பழைய சாமான்காரனுக்குத்தான் போட்டிருப்பேன். அந்த வாரம் நான் அப்படித்தான் இருந்தேன். அது உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா?

அண்ணி

ஜூன் 30, உங்கள் வாசலில்

அண்ணி,

பெல் அடித்துப் பார்த்தேன், கதவைத் தட்டிப் பார்த்தேன், கூப்பிட்டும் பார்த்தேன். சாத்திய ஜன்னல் கண்ணாடி வழியாக நாற்காலியின் முதுகும் உங்கள் தலையும் தெரிகின்றன. நீங்கள் திரும்பவில்லை. கீழ்வீட்டுக்காரர் ஆளைக் கூட்டி வர ஓடியிருக்கிறார். “ரெண்டு நாளா மேலேர்ந்து தண்ணி ஒழுகுதும்மா, குழாய மூடச் சொல்லுங்க” என்றார். கதவுக்கு அடியில் ஈரம் கசிகிறது. இந்தத் தாளை அதன் வழியாகத்தான் தள்ளப் போகிறேன், நனைவதற்குள் படியுங்கள். அதுவரை எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் அழுத்திய அன்று நடுப்பகலில் இங்கே எல்லா மெஷினிலும் அண்ணன் ஒரே நேரத்தில் தாண்டினார். ஆபீஸ் முழுக்கக் கை தட்டினார்கள். சோதிக்கிற அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். எல்லாத் திரையும் இருண்டது. ஒன்றில் மட்டும், என் மேஜையில் இருந்ததில், முதல் மாடி மறுபடி வந்தது. அடியில் இன்னொரு வாளிக்காரன் நின்றான். நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே குதித்தான். அழகான குதி, ஒன்றுகூடப் பிசகவில்லை. குதிக்கக் குதிக்கத் தண்ணீர் ஏறியது.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது யார் என்று புரிந்தது. பதிவில் பாதி நீங்கள் என்று நீங்களே எழுதினீர்களே. நடத்திக்கொண்டு போனவர் போய்விட்டார், குதிக்கிற நீங்கள் மட்டும் அடியில் நிற்கிறீர்கள்.

யாருடைய அழுத்தலுக்கும் அது நகரவில்லை. நான் இடப்பக்கத்தைத் தொட்டேன், ஓர் அடி வைத்தது. என் கைக்கு நகர்கிறது அண்ணி. பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டேன். தொழிற்சாலைக்கு எதையும் அனுப்பவில்லை. கம்பெனியில் தேடுவார்கள், தேடட்டும்.

உங்களை மேலே ஏற்ற மாட்டேன். மேலே போனவர் திரும்பவில்லை. இந்த ஆட்டத்தில் எல்லாரும் வலது பக்கம் ஓடுவார்கள், ஒருத்தரும் இடது பக்கம் போய்ப் பார்த்ததில்லை. முதல் மாடியின் இடது ஓரத்தில் வாளிக்காரன் உள்ளே வந்த வாசல் இருக்கிறது. கிட்டத்தட்ட அதுவரை நடத்திவிட்டேன். நடுவில் ஒரே ஒரு பள்ளம்தான் மிச்சம். காலையிலிருந்து நீங்கள் குதிப்பது குறைந்துகொண்டே வருகிறது. இந்த ஒரு மணி நேரமாகக் குதிக்கவே இல்லை. தண்ணீர் தோள்வரை வந்துவிட்டது.

கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடுவீர்கள் என்று தெரிந்துதான் எடுத்தேன். அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, வீம்பு. அந்த வாரம் உங்களையும் சேர்த்து என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். மிச்சச் சண்டையை உள்ளே வந்து போடுகிறேன்.

பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன். எனக்கு அண்ணன் மாதிரி வராது, பின்வாங்கத் தெரியாது, நேராக ஓடத்தான் தெரியும். நான் ஓட்டுகிறேன், நீங்கள் குதியுங்கள். ஒரே ஒரு தடவை. வலது கட்டைவிரலை மட்டும் அசையுங்கள் அண்ணி.

ஓடுகிறேன்.

குதித்துவிட்டது அண்ணி, தாண்டிவிட்டது. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. பேனாவை வைக்கிறேன், கதவைத் திறங்க, நான் வெளியிலதான் நிக்கிறேன்.